டார்பினுக்கு வந்த பங்கு

டார்பின், அலபாமா
19 ஜனவரி 1989

அன்புள்ள ஹோய்ட்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தீயணைப்பு வண்டியைக் கிளப்பினேன். ராய்ஸுக்குக் காகித ஆலையில் இரவு ஷிப்ட், இன்னும் திரும்பவில்லை. உறைபனி விழுந்த காலையில் யாராவது ஒருவர் அந்தக் கிழட்டு வண்டியைச் சற்று நேரம் ஓடவிடாவிட்டால் பாட்டரி செத்துவிடும். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், வீட்டு உடுப்பின்மேல் ராய்ஸின் கோட்டைப் போட்டுக்கொண்டு, புகை வெளியே போகக் கதவைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்து நான்கு வயது, கல்லூரிப் பட்டம், எட்டாம் வகுப்பு ஆசிரியை. என் மாணவர்கள் பார்த்தால் சிரித்திருப்பார்கள்.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். ராய்ஸ் ஈஸ்டர் பாட்டுக்குப் பயிற்சி எடுக்கிறார். அவர் கீழ்க்குரலில் இறங்கும்போது சமையலறையில் தட்டு அதிர்கிறது. மார்த்தாவின் முதுகுவலி தேவலையா? மாண்ட்காமரியில் குளிர் எப்படி?

சிகரெட் வரியின் முதல் பங்கு வந்துவிட்டது. பாக்கெட்டுக்கு ஐந்து சென்ட், அதில் பாதி பள்ளிகளுக்கு, பாதி மாவட்டத்தின் ஏழு தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களுக்கு. மாவட்டத்துக்காக அந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்த வக்கீல் நீ. நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளிப் பங்கு முன்பே வந்துவிட்டதால் எங்கள் கூரையைச் சரிசெய்தார்கள். என் வகுப்பில் வாளி வைக்காத முதல் குளிர்காலம் இது. அதற்கு மனமார நன்றி.

டார்பின் தீயணைப்பு நிலையத்துக்கு வந்த காசோலை பதினொரு டாலர் நாற்பது சென்ட்.

யூலிஸ் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நிலையத் தலைவர் அவர்தானே. "பின்னாடி ஏதாவது எழுதியிருக்கா பாரு நெல்டா, மிச்சத்த நாளைக்கு அனுப்புறோம்னு" என்றார். இரண்டு மூச்சுக் கருவி வாங்கலாம் என்று எண்ணியிருந்தார். புகைக்குள் போகும்போது முகத்தில் மாட்டிக்கொள்ளும் கருவி. இப்போது நம் ஆட்கள் ஈரத் துண்டைத்தான் கட்டிக்கொள்கிறார்கள்.

மார்லோ நகரத்துக்குப் போன தொகையில் புதுக் கட்டடமே கட்டப் போகிறார்களாம். காரணம் கேட்டேன். எந்தப் பகுதியில் எத்தனை பாக்கெட் விற்கிறதோ அந்த அளவில் அந்தப் பகுதி நிலையத்துக்குப் பங்கு என்று சட்டத்தில் இருக்கிறதாம். டார்பினில் கடையே இல்லை, ஹோய்ட். படகுத்துறையில் காசு போட்டால் பாக்கெட் விழும் பெட்டி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். அதை எழுதும்போது இது உனக்கு நினைவு வரவில்லையா?

ஒரே கேள்விதான். பதில் எழுது.

உன் அக்கா,
நெல்டா


மாண்ட்காமரி
6 பிப்ரவரி 1989

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சட்டமன்றக் கூட்டம் நெருங்கிவிட்டதால் அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை. நாங்கள் சுகம். மார்த்தா இப்போது குனிந்து எழுகிறாள், ஆனால் வைத்தியர் தோட்ட வேலை கூடாது என்கிறார். உனக்கும் ராய்ஸுக்கும் ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததா?

பள்ளிக் கூரை பற்றி நீ எழுதியதை மார்த்தாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இந்தத் தொழிலில் ஒரு மனிதனுக்கு இப்படிப்பட்ட செய்தி அடிக்கடி கிடைப்பதில்லை.

தீயணைப்புப் பங்கு பற்றி: ஒரு சட்டம் பல கைகளைத் தாண்டி வருகிறது, அக்கா. மாவட்ட ஆணையம், நம் சட்டமன்ற உறுப்பினர், நகரத்துப் பெரியவர்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத் தொடுவார்கள். யூலிஸ் ஆணையத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போய்ப் பேசட்டும். நியாயமான மனிதர்கள்தான், கேட்பார்கள்.

இன்னொன்று. இது நமக்குள் இருக்கட்டும். நம் உறுப்பினர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு நான் நிற்கலாமே என்று மார்லோவில் சிலர் சொல்கிறார்கள். பல வருடம் கழித்து ஊர் திரும்பலாம். உனக்குச் சந்தோஷம்தானே?

ராய்ஸுக்கு என் அன்பு. ஈஸ்டர் பாட்டைக் கேட்க வர முயல்வேன்.

உன் தம்பி,
ஹோய்ட்


டார்பின்
11 பிப்ரவரி 1989

அன்புள்ள ஹோய்ட்,

ஆரஞ்சு வந்தது. இனிப்பாக இருக்கிறது. பக்கத்து வீட்டு மிஸ் க்ளைட்டிக்குப் பாதி கொடுத்தேன். நாங்கள் சுகம்.

நீ பதில் சொல்லவில்லை.

யூலிஸ் ஆணையத்துக்குப் போனார். ராய்ஸும் நானும் கூடப் போனோம். யூலிஸ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆணையத் தலைவர் தாளைப் பார்த்தார், யூலிஸைப் பார்த்தார்.

"ஏன் யூலிஸ், உங்க ஊர்ல ஒருத்தனும் புகைக்கிறதில்லையா? உத்தமருங்க ஊரா இருக்கே."

"புகைக்கிறோம் ஐயா. கடை ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"அப்ப அந்தப் பக்கத்து மாவட்டத்துல போய்ப் பங்கு கேளுங்க. நீங்க அங்க குடுக்குறீங்க, கேக்குறது இங்கயா? புகையே இல்லாத ஊர்ல நெருப்பு எங்கிருந்து வரும்?"

அறை முழுக்கச் சிரிப்பு. யூலிஸும் சிரித்தார்; அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் சட்டைப் பையில் டாலிவர் கடைப் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டார்.

டாலிவர் கடை உனக்குத் தெரியும், ஹோய்ட். மாவு, சீனி, மண்ணெண்ணெய், சிகரெட், டார்பினுக்கு எல்லாமே பாலம் தாண்டித்தான். அப்பா நம் இருவரையும் அனுப்புவார். நீ காசை வாயில் அடக்கிக்கொண்டு வருவாய், கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்து. படகுத்துறையில் யூலிஸ் தூண்டிலுக்குப் புழு விற்ற மீன்புழுக் கொட்டகை வந்ததும் நின்று தொட்டியை எட்டிப் பார்ப்பாய். இரண்டு பாக்கெட், மீதிக்கு உனக்குக் கடலை மிட்டாய். மாதக்கணக்கில் அந்தப் பாலத்தில் நடந்த கால்கள் உன்னுடையவை. அந்தச் சட்டத்தை வேறு யார் எழுதியிருந்தாலும் தெரியாமல் எழுதினார் என்பேன்.

நகரத்துப் பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத் தொட்டார்கள் என்கிறாய். அந்தச் சொல்லைத் தொட்டது யார்?

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை நிலையத்துக்காகப் பன்றித் தோளிறைச்சி வாட்டி விற்கப் போகிறோம். கருவிக்குக் காசு சேர வேண்டும். நீ வந்தால் உனக்கு ஒன்று எடுத்துவைக்கிறேன். விலைக்குத்தான்.

மார்த்தாவைக் குனியவிடாதே.

நெல்டா


பர்மிங்காம்
9 மார்ச் 1989

அன்புள்ள ஹோய்ட்,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஒரு வேலையாக இங்கே வந்திருக்கிறேன், சில நாள் தங்க வேண்டியிருக்கிறது. உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மிஸ் க்ளைட்டியின் கூரையில் புகை. அவர் உடம்பு முடியாமல் வீட்டில் படுத்திருந்தார். அடுப்புக் குழாயில் பற்றியிருக்கிறது. வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. தண்ணீரும் வந்தது. ஆனால் அவர் பின்னறையில் இருந்தார், முன்னறை முழுக்கப் புகை. யாராவது உள்ளே போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. ஈரத் துண்டோடு போனார்கள்.

மிஸ் க்ளைட்டி பிழைத்துக்கொண்டார். வீடு இல்லை. அவருடைய கோழிகள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல மேய்கின்றன.

மார்லோ வண்டி வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. புதுக் கோட்டு, முதுகில் காற்று உருளை, முகத்தில் கண்ணாடி மாட்டிய இளைஞர்கள் இறங்கினார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஒருவன் என்னிடம் தண்ணீர் நீட்டி, "மேடம், நாங்க முன்னாடியே வந்திருக்கணும்" என்றான். பதினாறு மைல். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

ராய்ஸ் அதிகம் பேசுவதில்லை. ஈஸ்டர் பாட்டில் அவர் இல்லை.

என் கேள்வி அங்கேயே இருக்கிறது.

நெல்டா


மாண்ட்காமரி
4 ஏப்ரல் 1989

அன்புள்ள அக்கா,

மிஸ் க்ளைட்டியைப் பற்றிப் படித்து மிகவும் வருந்தினேன். நல்ல வேளை உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கென்று ஐம்பது டாலர் காசோலை வைத்திருக்கிறேன், நீயே கொடுத்துவிடு. ஈஸ்டருக்கு வர முடியாமல் போயிற்று. கூட்டத்தொடர் ஒரு பக்கம், மார்த்தாவுக்கு மறுபடியும் வலி மறுபக்கம். அவள் உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். உனக்கு இருமல் எதுவும் இல்லையே? இந்தப் பருவத்தில் மகரந்தம் மோசம்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மார்லோவின் சம்மதம் இல்லாமல் அந்த வரியே வந்திருக்காது. வரி இல்லாவிட்டால் உன் பள்ளிக் கூரையும் இல்லை. பாதி ரொட்டியாவது கிடைத்ததே என்று பார்க்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. மார்லோவின் புது நிலையம் ஜூன் பத்தாம் தேதி திறக்கிறார்கள். சுவரில் பித்தளைப் பலகை வைத்து, சட்டம் எழுதியவன் என்று என் பெயரையும் பொறிக்கிறார்கள். குடும்பம் மேடையில் உட்கார வேண்டுமாம். அப்பா அம்மா இல்லாத குறைக்கு நீதான். அந்த நீல உடையைப் போட்டுக்கொள். ராய்ஸ் டார்பின் நிலையத்துச் சீருடையில் வந்தால் பொருத்தமாக இருக்கும். இரண்டு ஊரும் ஒன்றாக நிற்பது போல.

அன்புடன்,
ஹோய்ட்


டார்பின்
8 ஏப்ரல் 1989

ஹோய்ட்,

எனக்கு இருமல் இல்லை.

காசோலையை மிஸ் க்ளைட்டியிடம் கொடுத்தேன். அண்ணன் மகள் வீட்டுக் கட்டிலில் மகாராணி போலச் சாய்ந்திருக்கிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் கையெழுத்தைப் படித்தார்.

"ஹோய்ட்டா? என் பீச் பழ மரத்துல ஏறித் திருடுவானே, அந்த ஹோய்ட்டா?"

"அவன்தான்."

"வீட்டுக்குன்னா இது வேண்டாம், அவன்கிட்டயே திருப்பிக் குடு. பீச்சுக்குன்னா வெச்சிக்கறேன்."

வைத்துக்கொண்டார். வட்டி போட்டால் இன்னும் வர வேண்டும் என்கிறார்.

சீருடை பற்றி எழுதியிருந்தாய். டார்பின் நிலையத்துக்குச் சீருடை கிடையாது. அன்று உள்ளே போனவர்கள் போட்டிருந்தது சர்ச் கோட்டு.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பாலம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: ஒருவர் எதைச் சுற்றி நடக்கிறார் என்று பார், பள்ளம் அங்கேதான் இருக்கும்.

மூன்றாம் முறை கேட்கிறேன். அந்தச் சொல்லைத் தொட்டது யார்?

மார்த்தாவின் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

நெல்டா


மாண்ட்காமரி
10 மே 1989

அக்கா,

நேற்று மார்லோ ஆள் ஒருவரிடமிருந்து தொலைபேசி. பேச்சுவாக்கில், "உங்க மச்சான் நுரையீரல் எப்படி இருக்கு?" என்றார். அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் அவரிடமே கேட்டேன். புகைக்குள் போனது ராய்ஸ். பர்மிங்காம் மருத்துவமனையில் மூன்று வாரம். இனி ஆலை வேலைக்குப் போக முடியாது. இதையெல்லாம் நான் ஒரு அந்நியன் வாயிலிருந்து கேட்க வேண்டுமா? பர்மிங்காமிலிருந்து எனக்குக் கடிதம் எழுதினாயே, ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா? என்னை எதற்காக இப்படித் தண்டித்தாய்? மார்த்தா அழுகிறாள்.

நானும் கேட்டிருக்க வேண்டும். பர்மிங்காமில் உனக்கு என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டும். கடிதத்தின் மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டேன்.

சரி. நீ கேட்டதற்குப் பதில்.

முதல் வரைவில் ஏழு நிலையங்களுக்கும் சம பங்கு என்றுதான் எழுதினேன். மார்லோவில் அந்தக் கெளுத்தி மீன் உணவகத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிகரெட் விற்பது எங்கள் கடைகள், காசு ஏன் காட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். விற்பனைப்படி என்று மாற்றினால் ஆணையத்தின் ஓட்டு கிடைக்கும் என்றார்கள். பிறகு, உறுப்பினர் ஓய்வு பெறும்போது நம்ம பையன் ஒருவன் வேண்டும் என்றார்கள். நான் அங்கேயே காகிதக் கைத்துண்டில் வாக்கியத்தை மாற்றினேன். டார்பின் நினைவு வந்தது, அக்கா. வராமல் இல்லை. அடுத்த வருடம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த இடம் எனக்குக் கிடைத்தால் முதல் வேலையாகத் திருத்தம் கொண்டுவருவேன். அதற்காகவாவது ஜூன் பத்தாம் தேதி வா. நீ மேடையில் இல்லாவிட்டால் ஊர் கவனிக்கும்.

ராய்ஸ் என்னிடம் பேசுவாரா?

ஹோய்ட்


டார்பின்
14 மே 1989

அன்புள்ள ஹோய்ட்,

பதிலுக்கு நன்றி. நான்கு மாதம் ஆயிற்று.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். பர்மிங்காம் மருத்துவமனை நடைவழியில் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். ராய்ஸின் பெயரை ஒரு முறை எழுதி, தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அவர் மார்பைக் காட்டி உன்னிடம் பதில் வாங்க எனக்கு விருப்பமில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாதபோதே, பதினொரு டாலர் காசோலைக்கே நீ பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்வாயா என்று பார்த்தேன். இது தண்டனையா, தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் தண்டனையாகவும் இருக்கலாம். என் கோபத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வன்மம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ராய்ஸ் பேசுவார். நான்கு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தி. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"அவன்மேல கோவப்படாத. நான் உள்ள போனது க்ளைட்டிக்காக. சட்டத்துக்காக இல்ல" என்றார்.

"நீங்க அவன மன்னிச்சிடுங்க. எனக்கு நேரமாகும்."

"சாப்பாட்டு மேசைல சட்டம் எழுதுறவன், சாப்பிட்டானா இல்லையா? கேளு. அந்த ஊர்க் கெளுத்தி நல்லாருக்கும்."

சிரிக்கப் போய் இருமினார். ஞாயிறன்று சர்ச்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறார், பக்கத்தைத் திருப்புகிறார், வாய் அசைவதில்லை.

பன்றிக்கறி விற்ற பணம் கருவிக்குப் போகவில்லை. யூலிஸ் அதை உறையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார். ஆகவே டார்பினுக்கு இன்னும் மூச்சுக் கருவி இல்லை. போன வாரம் மாநிலத்து ஆய்வாளர் வந்தார். ஜனவரிக்குள் இரண்டு கருவி இல்லாவிட்டால் நிலையத்தை அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கினால் இங்கே ஒவ்வொரு வீட்டுக் காப்பீடும் இரண்டு மடங்கு ஆகும், நெருப்புப் பிடித்தால் மார்லோவிலிருந்து பதினாறு மைல் காத்திருக்க வேண்டும். உன் திருத்தம் அடுத்த தேர்தலுக்குப் பிறகு, அதற்கு அடுத்த கூட்டத்தொடரில். அதுவரை ஊர் பற்றாமல் இருக்க வேண்டும்.

நான் மேடைக்கு வருகிறேன். நீல உடையில் வருகிறேன். ஒரே நிபந்தனை. எனக்கு எழுதியதை அந்த மேடையில் சொல். கைத்துண்டு வேண்டாம், மீன் வேண்டாம். "சம பங்கு என்று எழுதினேன், மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், அது தவறு" என்று நான்கு வாக்கியம். ஆணையம் அங்கே இருக்கும், பத்திரிகை இருக்கும். வெட்கம் வந்தால் அடுத்த மாதமே மாவட்டப் பணத்திலிருந்து இந்தக் குறையை ஈடுகட்டத் தீர்மானம் போடுவார்கள். நீ கேட்கும் இடம் உனக்குக் கிடைக்காமல் போகலாம்.

மார்த்தாவை அழ வேண்டாம் என்று சொல். அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

நெல்டா


மாண்ட்காமரி
6 ஜூன் 1989

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். ராய்ஸுக்காக ஒரு நல்ல சாய்வு நாற்காலி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

பல நாள் யோசித்தேன். திறப்பு விழா அதற்கான இடமல்ல. பிள்ளைகள் இருப்பார்கள், பாண்டு வாத்தியம் இருக்கும். அங்கே நான் அப்படிப் பேசினால் யாருக்கும் பயனில்லை. நான் உள்ளே போனால்தான் டார்பினுக்கு ஏதாவது செய்ய முடியும். நீ இதை ஒரு நாள் புரிந்துகொள்வாய்.

முன்வரிசையில் உன் பெயர் எழுதிய நாற்காலி இருக்கும். எப்போது வந்தாலும் உட்காரலாம்.

ஹோய்ட்


டார்பின்
10 ஜூன் 1989, சனிக்கிழமை

அன்புள்ள ஹோய்ட்,

இன்று காலையும் முதல் வேலையாக வண்டியைக் கிளப்பினேன். உறைபனி இல்லை, பாட்டரிதான் பழசு. ராய்ஸ் கூட வந்தார். ஏறி உட்கார மூச்சு போதாததால் படியில் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து தொண்டைக்குள் ஏதோ முனகினார். பாட்டு என்று சொல்ல முடியாது. நான் கேட்காதது போல இருந்தேன்.

நீ இந்நேரம் மார்லோவுக்குக் காரில் வந்துகொண்டிருப்பாய். நல்லபடியாக வந்து சேர். நான் வரவில்லை. நாற்காலியை யாராவது வயதானவருக்குக் கொடுத்துவிடு.

யூலிஸ் நேற்று என் வீட்டுப் படியில் உட்கார்ந்து பாக்கெட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "ஒரு கூத்து சொல்லட்டுமா நெல்டா? நம்ம படகுத்துறைப் பெட்டில விழுற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நம்ம நிலையத்துக்குப் பங்கு. அத எனக்கு எவனும் சொல்லல, நானும் கேக்கல. அந்தப் பக்கம் இந்த வரி இல்ல, அஞ்சு சென்ட் மிச்சம்னு என் கொட்டகையையே தாண்டி, பாலத்தையும் தாண்டிப் போய் வாங்கிட்டு வந்தேன். தீயணைப்புத் தலைவன் நான். ஊரே என் பின்னாடி வந்துச்சு." பாக்கெட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். "இனிமே அஞ்சு சென்ட் கூடக் குடுக்கச் சொன்னா எவன் மாட்டேம்பான்? ஆனா அந்தப் பெட்டி பாதி நாளு காச முழுங்கிட்டு சும்மா நிக்குது. குடுக்கத்தான் எடமில்ல."

அவர் போன பிறகு உன் சட்டத்தை வரிவிடாமல் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். ஓட்டை ஒன்று கிடைக்குமா என்று தேடினேன், இல்லை. விற்பனைப்படி பங்கு. எந்தக் கடை, யார் விற்க வேண்டும், ஒன்றும் சொல்லவில்லை.

யூலிஸின் மீன்புழுக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. தொட்டியை எடுத்துவிட்டால் ஒரு பலகை மேசை போட இடம் இருக்கிறது. மாவட்ட அலுவலகத்தில் சிகரெட் விற்பனை உரிமம் கேட்டு வாங்க என்ன வேண்டும் என்று, யாருக்காக என்று சொல்லாமல், வியாழனன்று விசாரித்தேன். அதிகம் ஒன்றும் வேண்டாம். பள்ளி விட்ட பிறகு மாலையும், சனிக்கிழமை முழுக்கவும் திறக்கலாம். கோடையில் தினமும். வரிப் பங்கோடு விற்ற லாபமும் நிலையத்துக்கே.

அப்பா எப்படிப் போனார் என்று நம் இருவருக்கும் தெரியும். கடைசி மாதம் அவர் மார்பிலிருந்து வந்த அதே சத்தம் இப்போது என் வீட்டுப் பக்கத்து அறையிலிருந்து வருகிறது, ராய்ஸ் ஒரு சிகரெட்டும் தொடாதவர். அந்த நஞ்சை என் கையால் எடுத்து, என் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு விற்கப் போகிறேன். அவர்கள் எப்படியும் டாலிவர் கடையில் வாங்குவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீயும் அந்த மீன் உணவகத்தில் உனக்கு நீயே ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாய். இந்த இடத்தில் நாம் இருவரும் எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்று பார்த்தபோது எனக்கு உன்மேல் இருந்த கோபம் குறையவில்லை, கூடியது. என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது நீ.

சர்ச்சில் பெண்கள் குழு என்னோடு பேசாது. பள்ளித் தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்பார். கேட்கட்டும். ஜனவரிக்குள் இரண்டு கருவி.

ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்வேன். எந்தப் பிள்ளையாவது அப்பாவுக்கு என்று காசை வாயில் அடக்கிக்கொண்டு வந்தால் விற்க மாட்டேன். அப்பனே நடந்து வரட்டும்.

ராய்ஸிடம் இன்னும் சொல்லவில்லை. யூலிஸிடம் சாவியும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமைதான் தபாலில் போடுவேன். இன்று உன் பலகையைத் திரை விலக்கிப் பார்க்கும்போது இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டாம்.

மார்த்தாவைக் கேட்டதாகச் சொல். நீ புகைப்பதை விட்டுவிட்டாய் என்று போன வருடம் எழுதியிருந்தாள். நல்லது. மறுபடி தொடங்கினால் என்னிடம் வந்து வாங்கு.

நெல்டா